மூலைக்கு மூலை ஒரு கயிறு

கோல சிலாங்கூரிலிருந்து வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் என்று சபாக் பெர்ணம் நோக்கிப் போகும் சாலைக்குக் கிழக்கே, கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிலம் செவ்வகம் செவ்வகமாகக் கிடக்கிறது. பெர்ணம் ஆற்றுத் தண்ணீரை நம்பி 1930களில் தொடங்கிய தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டத்தின் வயல்கள் அவை. சாவா செம்பாடான், சுங்கை பூரோங், பாசிர் பாஞ்சாங் என்று எந்தப் பகுதிக்குப் போனாலும் ஒரு துண்டு ஏறத்தாழ 60 மீட்டர் அகலம், 200 மீட்டர் நீளம், பரப்பு 1.2 ஹெக்டர், பழைய கணக்கில் மூன்று ஏக்கர். உட்புறமாகத் திரும்பி ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கம் போனால் செம்பனைத் தோட்டங்கள். அங்கும் மண் சாலைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று செங்கோணத்தில்தான் வெட்டிக்கொள்கின்றன. இவ்வளவு செவ்வகங்களுக்கு நடுவே வளர்ந்த நம் பிள்ளைகள், பள்ளியில் செவ்வகம் என்றதும் நீளத்தை அகலத்தால் பெருக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெருக்கலில் தவறில்லை. ஆனால் அந்தப் பெருக்கலை எப்போது நம்பலாம் என்று காட்டும் பண்பு இன்னொன்று இருக்கிறது. அதைப் பாடத்தில் ஒரு வரியோடு கடந்துவிடுகிறோம். செவ்வகத்தின் இரண்டு மூலைவிட்டங்களும் சமம் என்பதே அது. அதிக இடத்தை வளைப்பதிலோ, அதிக மரங்களை அடக்குவதிலோ செவ்வகத்தை விஞ்சும் வடிவங்கள் உண்டு. ஆனால் ஒரு கயிறும் நான்கு முளைக்குச்சிகளும் கையில் இருந்தால், நில அளவையாளர் துணையில்லாமல், கணக்கும் போடாமல், "இது சரிதானா" என்று எவரும் சோதித்துவிடக்கூடிய வடிவம் செவ்வகம். வேலையை அளந்து கூலி கொடுத்த தோட்டப்புறத்தில் இது சின்ன விஷயமில்லை.

அடிப்படையிலிருந்து வருவோம். செவ்வகம் என்பது நான்கு கோணங்களும் செங்கோணமாக உள்ள நாற்கரம். எந்த நாற்கரத்திலும் கோணங்களின் கூட்டுத்தொகை 360 டிகிரி. ஆகவே மூன்று மூலைகள் செங்கோணமாக இருந்தால் நான்காவதைச் சோதிக்கவே வேண்டியதில்லை. நான்கு மூலையும் செங்கோணமானால் எதிரெதிர்ப் பக்கங்கள் தாமாகவே இணையாகவும் சமமாகவும் வந்துவிடும். இதைத் தலைகீழாகத் திருப்பும் இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எதிர்ப் பக்கங்கள் சமமாக இருப்பதால் மட்டும் ஓர் உருவம் செவ்வகமாகிவிடாது. 60, 200, 60, 200 மீட்டர் என்று நான்கு வரப்புகளையும் துல்லியமாக அளந்து போட்ட பிறகும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து இணைகரமாக நிற்க முடியும். மூலை 80 டிகிரியாகச் சாய்ந்திருந்தால் பரப்பில் சுமார் 180 சதுர மீட்டர் குறைந்துபோகும். நாடாவை வரப்பு மேலேயே பிடித்துக்கொண்டு சுற்றி வருகிறவருக்கு இது தெரியவே தெரியாது. அவருடைய நான்கு அளவுகளும் சரி. குறுக்கே நடந்தால் தெரியும். சாய்ந்த துண்டில் ஒரு மூலைவிட்டம் ஏறக்குறைய 218.6 மீட்டர், மற்றது 198.6 மீட்டர். பரப்பு ஒன்றரை விழுக்காடு குறைந்ததற்கே குறுக்களவில் 20 மீட்டர் வித்தியாசம் வந்துவிடுகிறது. ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால் பரப்பில் இரண்டு சதுர மீட்டர்கூடக் குறையாது. மூலைவிட்டங்களோ 2 மீட்டர் வேறுபடும். தவறு சிறிதாக இருக்கும்போதே அதைப் பெரிதாக்கிக் காட்டுகிற சோதனை இது. விலையுயர்ந்த கருவி செய்ய வேண்டிய வேலையை நீளமான ஒரு கயிறு செய்துவிடுகிறது.

ஏன் அப்படி என்று கேட்டால் விடை நான்கு வரிக்குள் அடங்கும். செவ்வகத்தின் ஒரு மூலைவிட்டம், ஒரு நீளப் பக்கம், ஓர் அகலப் பக்கம் மூன்றும் சேர்ந்து ஒரு செங்கோண முக்கோணம். இன்னொரு மூலைவிட்டமும் அதே நீளம், அதே அகலம், அதே செங்கோணம் கொண்ட முக்கோணத்தை உண்டாக்குகிறது. இரு பக்கங்களும் இடைப்பட்ட கோணமும் சமமானால் மூன்றாவது பக்கமும் சமமாகத்தானே இருக்க வேண்டும்? ஆகவே மூலைவிட்டங்கள் சமம். மூலை சாய்ந்தவுடன் ஒரு முக்கோணத்தின் கோணம் விரிகிறது, அடுத்ததன் கோணம் சுருங்குகிறது. அதற்கேற்ப ஒரு மூலைவிட்டம் நீள, மற்றது குறுகுகிறது. எதிர்ப் பக்கங்கள் சமமாக உள்ள உருவத்தில் இரு மூலைவிட்டங்களும் ஒத்துப்போனால், சாய்வுக்கு இடமே இல்லை. இதோடு சேர்ந்த இன்னொரு பண்பு: இரண்டு மூலைவிட்டங்களும் ஒன்றையொன்று சரிபாதியாக வெட்டும். எனவே அந்த நடுப்புள்ளியிலிருந்து நான்கு மூலைகளும் ஒரே தூரத்தில் இருக்கும். சம நீளமுள்ள இரண்டு கம்புகளை நடுவில் ஆணியடித்துக் கத்தரிக்கோல்போல எந்தக் கோணத்துக்கு விரித்தாலும் அவற்றின் நான்கு நுனிகளும் செவ்வகம்தான். இந்தப் பண்பு செம்பனைக் காட்டில் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் ஒரு திடலுக்குள் போவோம். உலகப் பூப்பந்துச் சம்மேளனத்தின் தலைமையகம் கோலாலம்பூரில்தான் இருக்கிறது. அதன் விதிமுறையில் ஆடுகளத்தின் நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர் என்று சொல்லிவிட்டு, மூலைவிட்டம் 14.723 மீட்டர் என்றும் போட்டிருக்கிறார்கள். நீள அகலம் கொடுத்த பிறகு மூன்றாவது எண் எதற்கு என்று தோன்றலாம். களம் போடுகிறவருக்கு அந்த மூன்றாவது எண்தான் உயிர். மண் திடலில் 6.1 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளைகள் அடிக்கிறோம். இடது முளையிலிருந்து 13.4 மீட்டரும், வலது முளையிலிருந்து 14.723 மீட்டரும் நாடாவை இழுத்து, இரண்டு நாடாக்களும் சந்திக்கும் இடத்தில் மூன்றாவது முளை. அதையே இடம் வலம் மாற்றிச் செய்தால் நான்காவது முளை. இப்போது பின்கோட்டை அளந்தால் 6.1 மீட்டர் வர வேண்டும். நாடா தொய்ந்திருந்தாலோ, முளை கொஞ்சம் சரிந்திருந்தாலோ மூலைவிட்டங்களில் அது தெரிந்துவிடும். நான்கு பக்கமும் சரியாக இருந்து இரண்டு மூலைவிட்டங்கள் மட்டும் 5 சென்டிமீட்டர் வேறுபட்டால், பின்கோடு சுமார் 6 சென்டிமீட்டர் ஒரு பக்கமாக நகர்ந்திருக்கிறது என்று பொருள். எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதற்கும் ஊகம் தேவையில்லை: நீளமான மூலைவிட்டம் எந்த மூலையில் முடிகிறதோ அந்தப் பக்கம். அந்த மூலைவிட்டத்தில் பாதி வித்தியாசத்தைக் குறைக்கிற அளவுக்குப் பின்கோட்டு முளைகளை எதிர்ப்பக்கம் தள்ளினால் களம் நிமிர்ந்துவிடும். இரண்டு மூலைவிட்டங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு 14.723 என்ற எண்கூட வேண்டியதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு மூலைவிட்டத்துக்குப் பிடித்த கயிற்றில் முடிச்சுப் போட்டு அடுத்ததில் பிடித்துப் பார்த்தால் போதும். வர்க்கமூலம் கேள்விப்படாதவரும் இதைச் செய்யலாம்.

மூலைவிட்டத்தைக் கணக்கிடும் வழி நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. போதாயன சுல்ப சூத்திரம் இதை முக்கோணத்தை வைத்துச் சொல்லாமல் செவ்வகத்தை வைத்தே சொல்கிறது: மூலைவிட்டத்தின் மேல் எழுப்பிய சதுரம், நீளத்தின் மேலும் அகலத்தின் மேலும் எழுப்பிய இரு சதுரங்களின் கூட்டுக்குச் சமம். தமிழில் போதையனார் பெயரால் வழங்கும் செய்யுளொன்று வர்க்கமூலமே இல்லாத ஒரு குறுக்குவழியைச் சொல்கிறது. நீளத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, அகலத்தில் பாதியைக் கூட்டினால் மூலைவிட்டம். 4க்கும் 3க்கும் இது 5 என்று சரியாகத் தருகிறது. 12க்கும் 5க்கும் 13. பிதாகரசை மிஞ்சிய கணிதம் என்று இதைப் பெருமையோடு பரப்புகிறவர்கள் இந்த இரண்டு உதாரணங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நம் வயல் துண்டில் போட்டுப் பாருங்கள். 200இல் எட்டில் ஒரு பங்கு போக 175, அகலத்தில் பாதி 30. மொத்தம் 205 மீட்டர். உண்மையான மூலைவிட்டம் 208.8 மீட்டர். பூப்பந்துக் களத்துக்கு 14.775 என்று வரும், 5 சென்டிமீட்டர் அதிகம். அந்த எண்ணை நம்பி முளையடித்தால் மூலை அரை டிகிரிக்கு மேல் சாய்ந்து, பின்கோட்டு முளை சுமார் 12 சென்டிமீட்டர் விலகி நிற்கும். இது சொன்னவருக்குக் குறைவில்லை. தோராயம் என்று தெரிந்து பயன்படுத்தினால் நல்ல கருவிதான். கம்பியோ பலகையோ எவ்வளவு வாங்குவது என்று மதிப்பிடப் போதும். மூலையைச் சரிபார்க்க அது போதாது. கொத்தனார்கள் 3, 4, 5 அடிக் கணக்கை வைத்து மூலைமட்டம் பார்ப்பது வேறு. அந்த மூன்று எண்களும் தோராயமே இல்லாமல் செங்கோணத்தைத் தருபவை.

இனி, செவ்வகத்துக்கு எதிராக நியாயமாகச் சொல்லக்கூடியதற்கு வருவோம். ஒரே பரப்புக்கு மிகக் குறைந்த சுற்றளவு உள்ள வடிவம் வட்டம். 1.2 ஹெக்டரை 60க்கு 200 என்று வகுத்தால் வரப்பின் நீளம் 520 மீட்டர். அதே பரப்பைச் சதுரமாக்கினால் ஒரு பக்கம் 109.5 மீட்டர், சுற்றளவு 438 மீட்டர். வட்டமாக்கினால் 388 மீட்டர்தான். அப்படியானால் நீண்ட செவ்வகம் போட்டது மண்ணையும் உழைப்பையும் வீணாக்கிய திட்டமா? வட்டத்தைத் தள்ளிவிடலாம், எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் வட்டங்களுக்கு நடுவே நிலத்தில் 9 விழுக்காட்டுக்கு மேல் சும்மா போய்விடும். சதுரத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். இந்த வயல்களில் ஒவ்வொரு துண்டின் ஒரு முனை தண்ணீர் வரும் வாய்க்காலையும், மறுமுனை தண்ணீர் போகும் வடிகாலையும் தொட வேண்டும். பக்கத்து வயல் வழியாகத் தண்ணீர் வாங்கும் நிலை இருந்தால் சண்டைதான் மிஞ்சும். வாய்க்காலைத் தொடும் பக்கம் 60 மீட்டராக இருந்தால் ஒரு கிலோமீட்டர் வாய்க்காலின் ஒரு கரையில் 16 துண்டுகள் தண்ணீர் பெறும். சதுரமாக இருந்தால் 9 துண்டுகள்தான். வரப்பில் மிச்சமாவதைவிட வாய்க்கால் வெட்டுவதில் ஆகும் செலவு பெரிது. உழவும் அப்படித்தான்: 2 மீட்டர் அகலக் கருவியோடு டிராக்டர் 200 மீட்டர் நீளத்துக்கு ஓடினால் 30 நடை; சதுரத்தில் 55 நடை, அத்தனை முறை திரும்ப வேண்டும். சதுரத்துக்கு ஒரே ஓர் எண். செவ்வகத்துக்கு ஒன்றையொன்று சாராத இரண்டு எண்கள். பரப்பைத் தொடாமலேயே அகலத்தை வாய்க்காலுக்கும் நீளத்தை ஏருக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் அதில் கிடைக்கிறது. 66 அடி நீளமுள்ள பழைய அளவைச் சங்கிலியில் 3 சங்கிலிக்கு 10 சங்கிலி என்றால் 30 சதுரச் சங்கிலி. 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் என்பதால் அது மிச்சம் மீதியில்லாமல் மூன்று ஏக்கர். 60க்கு 200 மீட்டர் என்பதும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

அறுகோணமும் இடைவெளியில்லாமல் நிலத்தை நிரப்பும். அதன் சுற்றளவு சதுரத்தைவிடக் குறைவு. ஆனால் அறுகோணத்தை இரண்டாக வெட்டினால் இரண்டு அறுகோணம் கிடைக்காது. செவ்வகத்தை ஒரு பக்கத்துக்கு இணையாக எங்கே வெட்டினாலும் கிடைப்பவை செவ்வகங்கள்தாம். அப்பாவின் மூன்று ஏக்கரை இரு பிள்ளைகள் பிரித்துக்கொள்ளும்போது இந்தப் பண்பின் அருமை தெரியும். நீளவாக்கில் பிரித்தால் ஆளுக்கு 30க்கு 200. இருவருக்கும் வாய்க்கால் உண்டு, வடிகால் உண்டு. குறுக்குவாக்கில் பிரித்தால் ஆளுக்கு 60க்கு 100. பரப்பு அதே 0.6 ஹெக்டர்தான், ஆனால் ஒருவருக்கு வாய்க்கால், மற்றவருக்கு வடிகால். சம பங்கு என்று பத்திரத்தில் எழுதிவிடலாம். தண்ணீர் அந்தப் பத்திரத்தைப் படிக்காது. பரப்பைப் பேசுகிற அளவுக்குப் பக்கங்களைப் பேசாத பாகப்பிரிவினை முழுமையான பாகப்பிரிவினை ஆகாது.

ரப்பர் காலத்திலும் இதே கணக்குதான் ஓடியது, பால்வெட்டுபவரின் கால்களில். மரத்துக்கு மரம் 20 அடி, வரிசைக்கு வரிசை 20 அடி என்று சதுரமாக நட்டால் ஒரு மரத்துக்கு 400 சதுர அடி. ஏக்கருக்கு 108 மரம். வரிசைக்குள் 10 அடி, வரிசைகளுக்கு நடுவே 40 அடி என்று செவ்வகமாக நட்டாலும் ஒரு மரத்துக்கு அதே 400 சதுர அடி, அதே 108 மரம். கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒன்று. ஒருவர் பால்வெட்டும் நிரையில் 500 மரம் என்று வைத்துக்கொண்டால், சதுர நடவில் மரத்துக்கு மரம் நடக்கிற நடை மட்டும் 10,000 அடி, மூன்று கிலோமீட்டர். செவ்வக நடவில் அதில் பாதி. வெட்டப் போகும்போது ஒருமுறை, பால் எடுக்கப் போகும்போது ஒருமுறை என்று ஒரே நாளில் இதை இரண்டு தடவை நடக்க வேண்டும். இருட்டோடு எழுந்து, பெரட்டு என்ற காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போய், பிறகு நிரை பிடித்த பெண்களுக்கு இந்த மூன்று கிலோமீட்டர் வித்தியாசம் என்ன என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது. அகன்ற வரிசையிடைவெளியில் வெளிச்சம் அதிகம் விழும், ஊடுபயிரும் போடலாம். காற்று புகுந்து மரம் சாயும் அபாயமும் கூடும். எதை விட்டு எதைப் பிடிப்பது என்பது தோட்ட நிர்வாகம் எடுத்த முடிவு. நடந்த கால்களைக் கேட்டு எடுத்த முடிவாக அது அநேகமாக இருக்கவில்லை.

செம்பனை வந்ததும் செவ்வகம் தோற்றுவிட்டது என்று ஒருவர் வாதிடலாம். நான் கருதும் மிக வலுவான மறுப்பு இதுதான். கோல சிலாங்கூர் வட்டாரத்தின் தென்னமாரம் தோட்டத்தில் 1917இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே செம்பனையை வணிக அளவில் நட்டதிலிருந்துதான் இந்த நாட்டின் செம்பனைத் தொழில் தொடங்கியது. செம்பனையின் ஓலைகள் எல்லாப் பக்கமும் ஒரே அளவு விரிகின்றன. எனவே ஒவ்வொரு மரமும் தன்னைச் சுற்றியுள்ள ஆறு மரங்களிலிருந்தும் ஒரே தூரத்தில் இருப்பது நல்லது. அதற்குச் சமபக்க முக்கோண நடவுதான் சரி. 9 மீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டால் ஒரு மரத்துக்கு 81 சதுர மீட்டர், ஹெக்டருக்கு 123 மரம். அதே 9 மீட்டரை முக்கோணமாக நட்டால் ஒரு மரத்துக்கு 70 சதுர மீட்டர், ஹெக்டருக்கு 142 மரம் வரை. சாலைக்கும் வடிகாலுக்கும் போனது போக எண்ணிக்கை குறையும். இருந்தாலும் பதினைந்து விழுக்காடு கூடுதல் என்பதை யாரும் விட்டுவிட மாட்டார்கள். மறுப்பு உண்மைதான். ஆனால் முளை அடிக்கிறவர்கள் அந்த முக்கோணத்தை எப்படிக் குறிக்கிறார்கள் என்று கவனித்தால் கதை மாறும். ஒரு வரிசையில் 9 மீட்டருக்கு ஒரு குச்சி. அதற்குச் செங்குத்தாக 7.8 மீட்டர் தள்ளி அடுத்த வரிசை. அதில் குச்சிகள் பாதி, அதாவது 4.5 மீட்டர், நகர்த்தி நடப்படும். மூன்றாவது வரிசை மறுபடியும் முதல் வரிசையைப்போல. முதல் வரிசையில் அடுத்தடுத்த இரண்டு குச்சிகளையும் மூன்றாவது வரிசையில் அவற்றுக்கு நேரெதிரான இரண்டு குச்சிகளையும் சேர்த்துப் பாருங்கள்: 9 மீட்டர் அகலம், ஏறக்குறைய 15.6 மீட்டர் நீளம் உள்ள செவ்வகம். அதன் மூலைவிட்டம் சரியாக 18 மீட்டர். மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று பாதியாக வெட்டும் என்று முன்பு பார்த்தோமே, அந்த நடுப்புள்ளி நான்கு மூலையிலிருந்தும் 9 மீட்டர். அந்தப் புள்ளியில்தான் இரண்டாவது வரிசையின் மரம் நிற்கிறது. முக்கோண நடவு முழுவதும், நடுவில் ஒரு மரத்தோடு அடுக்கிய செவ்வகங்களே. குச்சி சரியாக விழுந்ததா என்று பார்க்க 18 மீட்டர் கயிற்றின் நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு, இரு குறுக்கிலும் பிடித்தால் போதும். முடிச்சு இரண்டு தடவையும் நடு மரத்தின் குச்சிமேல் உட்கார வேண்டும்.

செவ்வகத்தின் பண்புகள் எப்போதும் உழைப்பவருக்கே உதவின என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மறைத்ததாகிவிடும். 12 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள பத்து வீடுகளைத் தனித்தனியாகக் கட்டினால் சுவரின் மொத்த நீளம் 640 அடி. நீளப் பக்கங்களை ஒட்டி ஒரே லயமாகக் கட்டினால் முன்சுவரும் பின்சுவரும் சேர்ந்து 240 அடி, குறுக்குச் சுவர்கள் பதினொன்றுக்கு 220 அடி. ஆக 460 அடி. 180 அடிச் சுவர் மிச்சம். செவ்வகங்கள் பக்கத்தோடு பக்கம் இடைவெளியில்லாமல் ஒட்டும் என்ற பண்பிலிருந்து வந்த மிச்சம் அது, முதலாளிக்குப் போனது. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதாலும், கணவன் மனைவி பேசினாலும் பலகைக்கு இந்தப் பக்கம் கேட்கும் வாழ்க்கை தொழிலாளிக்கு வந்தது. நடு வீடுகளுக்கு முன்னும் பின்னும் தவிர வேறு பக்கம் காற்றில்லை. தோட்ட வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டுமென்று 1966இலும் பிறகு 1990இலும் சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது. எளிதாகத் துண்டுபோட முடியும் என்ற பண்பும் அப்படித்தான் இரண்டு பக்கமும் வெட்டியது. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது வேலையும் வீடும் ஒருசேர இழந்தவர்கள் நம் மக்கள். அதை எதிர்கொள்ளத்தான் 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் பத்துப் பத்து வெள்ளியைச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். வடிவத்தின் மேல் பழி போட முடியாது. ஆனால் ஒரு வடிவம் யாருக்கு எதை மிச்சப்படுத்துகிறது என்று கேட்கப் பழகாத கணிதப் பாடம் குறையுள்ள பாடம்.

செல்பேசியிலேயே செயற்கைக்கோள் வழி இடம் பார்க்கும் காலத்தில் கயிறு எதற்கு என்பது கடைசி ஆட்சேபம். வெட்டவெளியில் சாதாரணச் செல்பேசி காட்டும் இடம் ஐந்து மீட்டர் வரை தவறலாம். செம்பனை ஓலைகளுக்குக் கீழே இன்னும் மோசம். 200 ஹெக்டர் காட்டின் எல்லையைச் சுற்றிவர அது பரவாயில்லை. 60 மீட்டர் பக்கத்தில் ஐந்து மீட்டர் என்றால் எட்டு விழுக்காடு போய்விடுகிறது. சென்டிமீட்டர் வரை சொல்லும் கருவிகள் அளவையாளர்களிடம் உண்டு, அவற்றின் வேலையை மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கொடுத்த எண்ணைச் சரிபார்க்க நமக்கும் ஒரு வழி வேண்டாமா? கயிற்றுக்கும் வரம்பு இருக்கிறது. செவ்வகம் சமதளத்தில் வாழும் உருவம். கடலோர வண்டல் நிலத்தில் கயிறு பொய் சொல்லாது. உலு சிலாங்கூர் மேட்டுப்பக்கம் 20 டிகிரிச் சரிவில் தரையோடு அளந்த 9 மீட்டர், மட்டமாகப் பார்த்தால் 8.5 மீட்டருக்கும் குறைவு. அங்கே நாடாவைக் கிடைமட்டமாகத் தூக்கிப் பிடித்து அளக்க வேண்டும். செங்குத்தான சரிவுகளில் செவ்வகத்தையே விட்டுவிட்டு மேட்டின் வளைவோடு படிவெட்டி நடுகிறார்கள்.

ஆற்றோரத்திலும் பழைய தோட்ட எல்லைகளிலும் எத்தனையோ துண்டுகள் செவ்வகமாக இல்லை. அவற்றை அளக்க உலகம் முழுவதும் ஒரு பழைய பழக்கம் உண்டு: எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியை எடுத்து, இரண்டு சராசரிகளையும் பெருக்கிவிடுவது. எகிப்தில் எட்ஃபு கோயில் கல்வெட்டுகளில் நிலங்களின் பரப்பு இப்படித்தான் கணக்கிடப்பட்டிருக்கிறது. இந்தக் கணக்கு செவ்வகத்துக்கு மட்டும் சரி. வேறெந்த நாற்கரத்துக்கும் உண்மையைவிட அதிகமாகவே காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. 30, 40, 30, 40 மீட்டர் என்று நான்கு பக்கங்கள் கொண்ட ஒரு துண்டுக்குப் பெருக்கல் 1,200 சதுர மீட்டர் என்கிறது. குறுக்கே நாடா பிடித்தால் ஒரு மூலைவிட்டம் 50 மீட்டர் வர வேண்டும். 36 மீட்டர்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அந்தத் துண்டு 30, 40, 36 மீட்டர் பக்கங்களுள்ள இரண்டு முக்கோணங்கள். மூன்று பக்கமும் தெரிந்த முக்கோணத்தின் பரப்பு ஒன்றே ஒன்றுதான், ஒவ்வொன்றும் 519 சதுர மீட்டர். மொத்தம் 1,038, பெருக்கல் சொன்னதைவிட 162 குறைவு. புல்வெட்டுக்கோ மருந்தடிப்புக்கோ ஹெக்டர் கணக்கில் கூலி பேசியிருந்தால் இந்த 162 சதுர மீட்டர் வேலை செய்தவருக்கு லாபம். நிலத்தை விலைக்கு வாங்குகிற குடும்பமென்றால், இல்லாத 162 சதுர மீட்டருக்கு அவர்கள் பணம் கொடுக்கிறார்கள்.